ராஜவம்சம் இல்லாத ராஜா கதை: குறைந்த செலவில் எடுக்கப்படும் சீனக் காதல் தொடர்கள் ஏன் இப்படி இருக்கின்றன?

சீனத் தொடர்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிறவர்களுக்கு நான்கு சந்தேகங்கள் தவறாமல் வருகின்றன. இது எந்த ராஜா காலத்துக் கதை? போன வாரம் பார்த்த வேறொரு தொடரிலும் இதே அரண்மனைப் படிக்கட்டுதானே வந்தது? வாயசைவும் குரலும் ஏன் ஒட்டவே இல்லை? நடந்ததெல்லாம் கனவு, அல்லது யாரோ எழுதிய ஸ்கிரிப்ட் என்று ஏன் சொல்கிறார்கள்?

நான்குக்கும் தனித்தனிப் பதில் உண்டு. வேர் மட்டும் ஒன்றுதான். கையில் இருக்கும் பணம் குறைவு, கையைக் கட்டும் விதிகள் அதிகம். இந்த இரண்டுக்கும் நடுவே எழுதப்படுவதால்தான் இந்தக் கதைகளுக்கு இப்படியொரு வடிவம் வந்திருக்கிறது. 2020 மே 18 அன்று டென்சென்ட் என்ற சீன இணைய வீடியோ தளத்தில் வெளியான ஒரு சிறிய தொடரை வைத்துப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். வெளிநாடுகளில் அதன் பெயர் 'தி ரொமான்ஸ் ஆஃப் டைகர் அண்ட் ரோஸ்'. சீனப் பெயரைத் தமிழில் 'ஊர் பேசும் சென் சியான்சியான்' என்று சொல்லலாம். 24 எபிசோடுகள். நாயகியாக சாவோ லூசி, நாயகனாக திங் யூஷி. இருவருமே அப்போது பெரிய நட்சத்திரங்கள் இல்லை.

கதை, சுருக்கமாக

சென் சியாவோசியான் இன்றைய காலத்துப் பெண். தொடர்களுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவள், இன்னும் பெயர் வாங்காதவள். அவள் எழுதிய வரலாற்றுத் தொடரில் நடிக்க வந்த நாயகனுக்கு, அதில் வரும் காதல் நம்பும்படியாக இல்லை. திருத்தித் தரவேண்டிய நெருக்கடி. இரவெல்லாம் உட்கார்ந்து திருத்துகிறாள், அப்படியே தூங்கிப்போகிறாள். விழித்துப் பார்த்தால் தன் கதைக்குள்ளேயே இருக்கிறாள். அதுவும் நாயகியாக இல்லை. ஹுவாயுவான் நகரத் தலைவியின் மூன்றாவது மகள் சென் சியான்சியானாக: அடாவடிக்குப் பெயர்போனவள், ஊரே திட்டுகிறவள், மூன்றாவது எபிசோடில் செத்துப்போகவேண்டிய துணைப் பாத்திரம்.

கொல்லப்போகிறவன் யார் என்பதும் அவளுக்குத் தெரியும். எழுதியதே அவள்தானே. அவன் ஷுவான்ஹு நகரத்தின் இளந்தலைவன் ஹான் ஷுவோ. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ளவன். அதற்கு மருந்தான டிராகன் எலும்பு ஹுவாயுவான் நகரத்தின் பொக்கிஷமாகக் காக்கப்படுகிறது. அதைத் தேடி வந்தவனை மூன்றாம் இளவரசி மடக்கித் தன் மாப்பிள்ளையாக்கிக்கொள்கிறாள். மூல ஸ்கிரிப்டின்படி அவன் இவளுக்கு விஷம் வைத்துவிட்டு, இரண்டாம் இளவரசி சென் ச்சூச்சூவைக் காதலிக்க வேண்டும்.

உள்ளே மாட்டிக்கொண்ட எழுத்தாளருக்கு மூன்று வேலைகள். உயிரோடு இருக்கணும், கதையைப் பழைய தண்டவாளத்தில் ஏற்றணும், வீடு திரும்பணும். ஆனால் அவள் எதைச் செய்தாலும் ஹான் ஷுவோவுக்கு அது காதலாகவே தெரிகிறது. முடிவை இங்கே சொல்லவில்லை, இன்னும் பார்க்காதவர்கள் பார்க்கட்டும். தலைப்பில் இருக்கும் புலியும் பூவும் இரண்டு நகரங்களின் பெயரிலிருந்து வந்தவை. 'ஷுவான்ஹு' என்றால் கரும்புலி. 'ஹுவாயுவான்' என்பதில் 'ஹுவா' பூ, 'யுவான்' மதில்.

முதலில் சில சொற்கள்

சீன ரசிகர்கள் இந்த வகையைப் பற்றிப் பேசும்போது திரும்பத் திரும்ப வரும் ஐந்து சொற்கள்:

1. குச்சுவாங்: பழங்கால உடையில் எடுக்கப்படும் எந்தக் கதையும் இதில் அடங்கும். நிஜ வரலாறாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. தமிழில் இதை 'வரலாற்றுத் தொடர்' என்று சொல்லிவிடுவதால்தான் 'எந்த வரலாறு?' என்ற குழப்பமே வருகிறது.

2. ஜியாகோங்: அந்தரத்தில் கட்டியது. எந்த வம்சத்திலும், எந்த ஆண்டிலும் சேராத கற்பனை ராஜ்யம்.

3. ச்சுவான்யுவே: கடந்து போவது. இக்காலத்து ஆள் பழங்காலத்துக்கோ, ஒரு கதைக்குள்ளோ போய் விழுவது.

4. தியான்ச்சொங்: இனிப்பும் செல்லமும். காதலர்களுக்கு நடுவே பெரிய துரோகமோ நீண்ட துயரமோ இல்லாமல், ஒருவரை ஒருவர் தாங்கிக்கொள்வதையே காட்டும் வகை.

5. வாங்ஜு: தொலைக்காட்சிக்குப் போகாமல் இணையத் தளத்துக்கென்றே எடுக்கப்படும் தொடர்.

நாம் பேசும் தொடர் இந்த ஐந்துமே சேர்ந்தது. இவற்றில் ஒவ்வொன்றும் ரசனைக்காக மட்டும் வந்ததில்லை. ஒரு செலவையோ ஒரு சிக்கலையோ தவிர்க்கவும் உதவுகிறது.

எந்த வம்சம்? எதுவும் இல்லை

நிஜமான தாங் வம்சத்தையோ மிங் வம்சத்தையோ கதைக்களமாக எடுத்தால் பொறுப்பு கூடுகிறது. அதிகாரியின் தொப்பி அவன் பதவிக்குப் பொருந்த வேண்டும். பெண்களின் கொண்டை அந்த நூற்றாண்டுக்குப் பொருந்த வேண்டும். சக்கரவர்த்தியின் பெயரைச் சொன்னால் அவர் எப்போது இறந்தார் என்பது பள்ளிப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும். சீனாவில் வானொலி, தொலைக்காட்சி, இணையத் தொடர் எல்லாவற்றையும் கண்காணிக்கும் தேசிய வானொலி தொலைக்காட்சி நிர்வாகம், வரலாற்றை விளையாட்டாகத் திரித்துக் காட்டுவதைப் பலமுறை கண்டித்திருக்கிறது. 2018இல்தான் அமைப்புக்கு இந்தப் பெயர் வந்தது, வேலை பழைய வேலைதான்.

கற்பனை நகரம் என்றால் இந்தத் தொல்லை பாதி குறைகிறது. ஆலோசகர் வேண்டாம், பழைய உடைகளை வைத்தே சமாளிக்கலாம், வரலாற்றைத் திரித்தார்கள் என்று யாரும் வழக்குப் பேச முடியாது.

இந்தக் கதைக்கு வேறு வழியும் இல்லை. ஹுவாயுவான் பெண்கள் ஆளும் நகரம். சீன வரலாற்றில் தன் பெயரிலேயே சக்கரவர்த்தியாக முடிசூடிய ஒரே பெண் வூ ஜெத்தியான், ஆண்டது 690 முதல் 705 வரை. அவர் காலத்திலும் சமூகம் ஆண்கள் கையில்தான் இருந்தது. ஆகவே எழுத்தாளர் கேட்ட ஊர் அந்தரத்தில் மட்டுமே கட்டக்கூடிய ஊர்.

கனவா, நிஜமா: 2011இன் நிழல்

இப்போது கடைசிச் சந்தேகத்துக்கு வரலாம். ஏன் எப்போதும் கனவு, நாவல், ஸ்கிரிப்ட் என்று ஒரு சட்டகம் போடுகிறார்கள்?

2011 வசந்தத்தில், காலம் கடந்து போகும் தொடர்கள் சீனத் தொலைக்காட்சியில் பெருகியிருந்த நேரம், அப்போதைய ஒழுங்குமுறை அமைப்பு அவற்றைக் கடுமையாக விமர்சித்தது. வரலாற்றை மதிக்காமல் மனம்போன போக்கில் கட்டுகிறார்கள் என்பது குற்றச்சாட்டின் சாரம். உலகச் செய்திகளில் இது 'சீனா காலப்பயணத்தைத் தடைசெய்தது' என்று வந்தது. அது அவ்வளவு சரியில்லை. சட்டம் எதுவும் போடப்படவில்லை. ஆனால் ஷூட்டிங் தொடங்கும் முன் கதையைப் பதிவு செய்யவேண்டும், முடிந்தபின் தணிக்கைக்குப் போகவேண்டும் என்ற ஏற்பாட்டில், அதிகாரி முகம் சுளித்தாலே போதும். பணம் போடுகிறவர் பின்வாங்கிவிடுவார்.

எழுத்தாளர்கள் நேர்வாசலை விட்டுச் சந்து வழியாகப் போனார்கள். 2015 டிசம்பரில் லெ டிவி தளத்தில் வந்த 'கோ பிரின்சஸ் கோ' இதில் முன்னோடி. இக்காலத்து வாலிபன் ஒருவன் தண்ணீரில் விழுந்து, பட்டத்து இளவரசனின் மனைவியாகக் கண்விழிக்கிறான். பெண்ணுடல், ஆண்மனம், கற்பனை ராஜ்யம். தொடர் தீயாகப் பரவியது. 2016 ஜனவரியில் தளத்திலிருந்து நீக்கப்பட்டு, பிறகு வெட்டிய வடிவில் திரும்பி வந்தது. இணையத் தொடர் என்றால் கண்காணிப்பு தளர்வு என்ற நம்பிக்கை அதோடு போயிற்று. 2019இல் வந்த பெருஞ்செலவுத் தொடரான 'ஜாய் ஆஃப் லைஃப்' கூட, இது ஒரு மாணவன் எழுதும் நாவல் என்று சொல்லித்தான் ஆரம்பிக்கிறது.

மற்ற தொடர்களில் இந்தச் சட்டகம் கதவில் ஒட்டிய அனுமதிச் சீட்டு மாதிரி. முதல் பத்து நிமிடத்தோடு அதன் வேலை முடிந்துவிடும். சென் சியான்சியான் கதையில் அப்படி இல்லை. 'இது நான் எழுதிய ஸ்கிரிப்ட்' என்பதுதான் ஒவ்வொரு காட்சியின் நெருக்கடி, ஒவ்வொரு சிரிப்பின் காரணம். விதிக்காக வைத்த கதவை வீட்டின் நடுக்கூடமாகவே மாற்றிவிட்டார்கள். இந்தச் சிறிய தொடரைத் திறமையான வேலை என்று நான் சொல்வதற்கு முதல் காரணம் இதுதான்.

பணம் எங்கே போகிறது

குறைந்த செலவு என்றால் என்ன என்று புரிய, பெரிய செலவு எங்கே போனது என்று பார்க்க வேண்டும். 2010களின் நடுவில் சீன இணையத் தளங்கள் போட்டி போட்டுக்கொண்டு பணத்தைக் கொட்டின. அதில் பெரும்பகுதி ஒன்றிரண்டு நட்சத்திரங்களின் சம்பளமாகவே போனது. செட்டுக்கும் உடைக்கும் எழுத்துக்கும் மிச்சம் மீதிதான். இதை அடக்க வந்த நடவடிக்கைகள், வரிசையாக:

1. 2017 செப்டம்பர்: தொழில்முறைச் சங்கங்கள் சேர்ந்து ஒரு வரம்பு வைத்தன. எல்லா நடிகர்களின் சம்பளமும் சேர்ந்து தயாரிப்புச் செலவில் 40 சதவீதத்தைத் தாண்டக்கூடாது. அந்தச் சம்பளத் தொகையில் முக்கிய நடிகர்களின் பங்கு 70 சதவீதத்தைத் தாண்டக்கூடாது.

2. 2018 ஆகஸ்ட்: ஐசிய்யி, யூகு, டென்சென்ட் ஆகிய மூன்று தளங்களும் ஆறு தயாரிப்பு நிறுவனங்களும் கூட்டறிக்கை விட்டன. ஒரு நடிகருக்கு ஒரு எபிசோடுக்கு 10 லட்சம் யுவான் (சீன நாணயம்), மொத்தத்தில் 5 கோடி யுவான். அதற்கு மேல் கிடையாது.

3. 2018 அக்டோபர்: நடிகை ஃபான் பிங்பிங்குக்கு வரி, அபராதம் சேர்த்து 88 கோடி யுவானுக்கு மேல் கட்ட உத்தரவு. தொழிலில் இருந்த எல்லோருடைய கணக்கும் தோண்டப்பட்டது.

இதோடு முதலீடு வற்றியது. தளங்கள் கையை இறுக்கிப் பிடித்தன. அந்த நேரத்தில்தான் சிறிய தொடர்களுக்கு இடம் கிடைத்தது. சீனத் தளங்கள் தாங்கள் எடுக்கும் தொடர்களை எஸ் பிளஸ், எஸ், ஏ, பி என்று தரம் பிரித்து வைக்கும். மேல்தரத்துக்கு நட்சத்திரமும் விளம்பரமும் முகப்புப் பக்கத்து இடமும் கிடைக்கும். கீழே உள்ள தரத்துக்குப் புதுமுகங்கள், குறைந்த நாள் ஷூட்டிங், சத்தமில்லாத வெளியீடு.

சிறு தயாரிப்பாளருக்கு வருமானம் வரும் வழியும் வேறு. தொடரை மொத்தமாக விற்றுவிடலாம். அது முடியாதபோது, சந்தாதாரர்கள் எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்பதைக் கணக்கிட்டுத் தளத்தோடு வருமானத்தைப் பங்கிட்டுக்கொள்ளும் முறை ஒன்று உண்டு. பார்க்கும் நேரம்தான் காசு என்றானபின் முதல் சில எபிசோடுகள் உயிர்ப் பிரச்சினையாகிவிடுகின்றன. அங்கே பார்வையாளர் எழுந்து போய்விட்டால் திரும்ப வரமாட்டார். நாயகி மூன்றாவது எபிசோடில் சாகவேண்டும் என்ற கெடு எவ்வளவு பொருத்தமானது பாருங்கள்! அவள் தாண்டவேண்டிய கண்டமும் தொடர் தாண்டவேண்டிய கண்டமும் ஒரே இடத்தில் வருகின்றன.

அரண்மனை வாடகைக்கு

அந்தப் படிக்கட்டு மறுபடி மறுபடி வருவதற்குக் காரணம் ஹெங்தியான். ஜெஜியாங் மாகாணத்தில் தோங்யாங் நகருக்கு உட்பட்ட ஊர். 1996இல் சூ வென்ரோங் என்ற தொழிலதிபர், இயக்குநர் ஷியே ஜின்னின் அபினிப் போர் பற்றிய படத்துக்காக அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டின் குவாங்சோ தெருக்களைக் கட்டிக்கொடுத்தார். அதிலிருந்து வளர்ந்து, இன்று சின் வம்ச அரண்மனை, பெய்ஜிங் அரண்மனையைப் பார்த்துக் கட்டிய மிங்-சிங் அரண்மனை என்று ஒரு பெரும் படப்பிடிப்பு நகரம். இப்படி ஏற்கனவே கட்டிவைத்த இடங்களில்தான் பெரும்பாலான குச்சுவாங் தொடர்கள் எடுக்கப்படுகின்றன. சிறு தயாரிப்பாளர் அரண்மனை கட்டுவதில்லை, நாள் வாடகைக்கு எடுக்கிறார். காலையில் ஒரு தொடரின் ராஜா இறங்கிய படியில் மாலையில் இன்னொரு தொடரின் ராஜா ஏறுவார்.

குரல் ஒட்டாததற்கும் இந்த இடங்களோடு தொடர்பு உண்டு. பக்கத்து முற்றத்தில் வேறொரு குழு, சுற்றுலாப் பயணிகள், ஜெனரேட்டர் சத்தம். அந்த இடத்தில் நேரடி ஒலிப்பதிவு சுலபமில்லை. நடிகர்கள் பல மாகாணங்களிலிருந்து வந்தவர்கள், உச்சரிப்பு வேறுவேறு. அதனால் வரலாற்றுத் தொடர்களில் தொழில்முறை டப்பிங் கலைஞர்கள் பேசுவது நெடுநாள் வழக்கம். நீங்கள் தமிழிலோ இந்தியிலோ டப் செய்ததைப் பார்க்கிறீர்கள் என்றால், நடிகரின் வாய் ஒன்று, சீன டப்பிங் குரல் இரண்டு, உங்கள் காதில் விழுவது மூன்றாவது குரல்.

அப்புறம் உடை. பணம் இருக்கிறதா இல்லையா என்பதைத் துணி உடனே காட்டிக்கொடுத்துவிடும். கனத்த பட்டும் ஜரிகைத் துணியும் தன் எடையாலேயே நேராக விழும். நடிகை திரும்பும்போது ஓரம் ஒரு கணம் தாமதித்துத் திரும்பும். செயற்கை இழையில் நெய்த மெல்லிய ஷிஃபானுக்கு அந்த எடை கிடையாது. உடம்போடு ஒட்டும், சுருங்கும், வெளிச்சம் பட்டால் மினுமினுக்கும். அதற்கு உயிர் வரவேண்டும் என்றால் காற்று வேண்டும். 'கோ பிரின்சஸ் கோ' தொடரில் இளவரசர்களின் அங்கி எங்கே நின்றாலும் பறந்துகொண்டே இருந்ததற்குக் காரணம் கேமராவுக்கு வெளியே ஓடிக்கொண்டிருந்த மின்விசிறி. மொத்தச் செலவே சுமார் 2 கோடி யுவான்தான் என்று அப்போது சீன ஊடகங்கள் எழுதின. ஒரே நடிகருக்கு 5 கோடி யுவான் வரை கொடுக்கலாம் என்று பின்னால் வந்த வரம்போடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். அந்தத் தொடரில் அரச குடும்பத்தார் செருப்பு மாட்டிக்கொண்டு அலைந்ததையும் ரசிகர்கள் கண்டுபிடித்தார்கள்.

பழங்கால உடையை ஆராய்ந்து அணியும் ஹான்ஃபு ஆர்வலர்கள் இந்த மாதிரித் தையலை 'போட்டோ ஸ்டுடியோ உடை' என்று சொல்லிக் கண்டிப்பார்கள். ஸ்டுடியோவில் ராணி வேடம் போட்டுப் படம் எடுக்க வாடகைக்குக் கிடைக்குமே, அந்த ரகம். கண்டனத்தில் நியாயம் இருக்கிறது. ஆனால் அந்தரத்தில் கட்டிய ஊரில் உடை எந்த நூற்றாண்டுக்குப் பொருந்தவில்லை என்று கேட்க முடியாதே!

ஒளியமைப்பும் இதே கணக்குதான். எல்லாப் பக்கமும் சமமாக வெளிச்சம் போட்டு வைத்தால் ஒவ்வொரு ஷாட்டுக்கும் விளக்கை மாற்ற வேண்டாம். ஒரு நாளில் கூடுதல் காட்சிகள் எடுக்கலாம். இந்தத் தொடர்களில் நள்ளிரவு அறையும் பளிச்சென்று இருப்பது அதனால்தான்.

சிக்கனம் கதைக்குள் புகும் விதம்

இதுவரை சொன்னது வெளிப்புறம். பணமில்லாமை ஸ்கிரிப்டையே எப்படி வளைக்கிறது என்பதுதான் எனக்கு முக்கியமாகத் தோன்றுகிறது.

1. போர் பேச்சாக மாறுகிறது. இரண்டு நகரங்களுக்கும் பகை என்றால் பெரிய தொடரில் குதிரைப்படை வரும். இங்கே பகை சபையிலும் படுக்கையறையிலும் ஒற்றன் கொண்டுவரும் செய்தியிலும் நடக்கிறது. எழுத்தாளர் வசனத்தை நம்பியாக வேண்டும்.

2. இரண்டு பேர், ஒரு அறை. ஒரு கல்யாண அறையை எடுத்துக்கொள்ளுங்கள். சிவப்புத் துணி, சிவப்பு மெழுகுவத்தி, மேசைமேல் மது. செலவு என்று பார்த்தால் ஒன்றுமே இல்லை. அவன் தன்னைக் கொல்ல வந்தவன் என்று அவளுக்குத் தெரியும். அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியாது. இரண்டும் நமக்குத் தெரியும். இனி அவள் மேசைப் பக்கம் ஓர் அடி வைத்தாலும் பதற்றம், பின்வாங்கினாலும் சிரிப்பு. மனித மனத்தில் இருக்கும் தகவல் வித்தியாசத்துக்கு வாடகை கிடையாது.

3. தப்பர்த்தம் தன்னைத்தானே பெருக்கிக்கொள்கிறது. ஹான் ஷுவோவின் பணியாள் பாய் ஜி, எஜமானனுக்குக் காதல் உரையாசிரியர் மாதிரி. சென் சியான்சியான் விலகிப்போனால் அது தியாகம் என்பான். உதவினால் அது காதல் என்பான். அவள் உண்மையில் செய்வது, கதையைப் பழைய பாதைக்குத் தள்ளி அவனைத் தன் அக்காளோடு சேர்த்துவைக்கும் முயற்சி. ஒவ்வொரு முயற்சியும் எதிர்ப்பக்கம் போய் விழுகிறது. புது இடமோ புது வில்லனோ தேவைப்படாமல் பல எபிசோடுகளை ஓட்டும் சக்தி இந்த ஏற்பாட்டுக்கு உண்டு.

4. தேய்ந்த காட்சிகளே முதலாகிவிடுகின்றன. மழையில் நனைவது, விழப்போகும் பெண்ணை நாயகன் தாங்குவது, நாயகி மயங்கி விழுவது எல்லாமே இந்த வகையில் ஆயிரம் முறை பார்த்தவை. பணமில்லாத தொடரால் புதிய பிரமாண்டத்தைக் காட்ட முடியாது, பழையதைத்தான் திரும்பக் காட்ட முடியும். ஆனால் இங்கே நாயகியே அவற்றை எழுதியவள். அடுத்து என்ன வரும் என்று தெரிந்தே அதில் மாட்டிக்கொள்கிறாள். பார்வையாளர் மனசுக்குள் சொல்வதைத் திரையில் இருப்பவளே சொல்லிவிடுகிறாள்.

நான்காவதைக் கொஞ்சம் நிறுத்திப் பார்க்க வேண்டும். சீனத் தளங்களில் பார்வையாளர் எழுதும் கருத்து படத்தின் மேலேயே ஓடும். 'தான்மு' என்று பெயர். 'கோ பிரின்சஸ் கோ' ஓடிய நாட்களில் குழுவின் ஏழ்மையைப் பற்றிப் பேசிக்கொண்டே பார்ப்பது ரசிகர்களுக்கு ஒரு கொண்டாட்டமாக இருந்தது. அந்தப் பேச்சில் இளப்பத்தைவிடப் பாசம்தான் அதிகம். நாலரை ஆண்டு கழித்து வந்த சென் சியான்சியான், அந்தப் பேச்சையே ஒரு பாத்திரமாக்கிக் கதைக்குள் அனுப்பியது போலிருக்கிறது.

இந்தத் தொடர் பிரபலமான எந்த நாவலின் தழுவலும் இல்லை என்பதையும் இங்கே சேர்த்துப் பார்க்கலாம். பெரிய தொடர்கள் ஏற்கனவே வாசகர் கூட்டம் உள்ள இணைய நாவல்களின் உரிமையை வாங்குவது வழக்கம். அது பாதுகாப்பான வழி, செலவும் அதிகம். இங்கே நேரடியாகத் திரைக்கென்று எழுதினார்கள்.

பெண்கள் ஆளும் ஊர்

ஹுவாயுவானில் அதிகாரம் பெண்கள் கையில். இளவரசியின் அந்தரங்கப் பணியாள் ஓர் ஆண். பெண்களுக்குப் பழைய நூல்கள் சொல்லிவைத்த அடக்கமும் ஒழுக்கமும் இங்கே ஆண்களுக்குப் பாடமாகின்றன. தலைகீழாக்கிய ஊரைச் சீன இணைய நாவல்கள் முன்பே பலமுறை எழுதியிருக்கின்றன, அதற்கென்றே 'நியூசுன்' என்ற வகைப்பெயர் உண்டு. பெண் உயர்ந்தவள் என்று பொருள்.

நகைச்சுவைக்கு இது பெரிய உதவி. ஓர் ஆண் பேசத் தயங்கித் தலைகுனிந்து நிற்கும்போது, அந்த இடத்தில் வழக்கமாக நிற்கிறவள் யார் என்பது விளக்காமலே உறைக்கிறது. ஆனால் தலைகீழாக்கினால் மட்டும் நியாயம் வந்துவிடாது என்பதும் தொடருக்குத் தெரியும். இந்தக் காலத்திலிருந்து போன நாயகி, ஆண்களுக்கும் படிப்பும் வாய்ப்பும் வேண்டும் என்ற பக்கம் நிற்கிறாள். எதிரில் ஆண்கள் ஆளும் ஷுவான்ஹு இருப்பதால், இரண்டு ஊருமே ஒன்றுக்கொன்று கண்ணாடியாகின்றன.

என் குறை ஒன்று உண்டு. காதல் முற்றும் பின்பாதியில் இந்த ஊரின் கேள்விகள் ஓரத்துக்குப் போகின்றன. தியான்ச்சொங் வகையின் கட்டாயம் அது. இனிப்பு குறையக்கூடாது. இன்னும் நாலு காட்சி அந்தச் சபைக்கும் பள்ளிக்கும் கொடுத்திருந்தால் தொடர் வேறு உயரத்துக்குப் போயிருக்கும்.

24 என்ற எண்

முன்பெல்லாம் சீன வரலாற்றுத் தொடர் 60, 70 எபிசோடு ஓடுவது சாதாரணம். எபிசோடு கணக்கில் விற்கும்போது நீட்டினால் லாபம். இழுப்பதைச் சீனர்கள் 'தண்ணீர் ஊற்றுவது' என்கிறார்கள். பாலில் தண்ணீர் கலக்கும் நம் பேச்சுக்கு எவ்வளவு கிட்டத்தில் இருக்கிறது! 2020 பிப்ரவரியில் ஒழுங்குமுறை நிர்வாகம் ஒரு சுற்றறிக்கையில் 40 எபிசோடுக்கு மேல் வேண்டாம், 30க்குள் இருந்தால் நல்லது என்றது. நடிகர் சம்பளத்துக்கு வைத்த 40, 70 சதவீத வரம்பையும் அதில் மறுபடி வலியுறுத்தினார்கள். மே மாதம் வந்த 24 எபிசோடுத் தொடர் இந்தக் காற்றின் திசையிலேயே இருந்தது.

அதே காலத்தில் தளங்கள் வேறு வழியில் காசு பார்த்தன. 2019இல் 'தி அன்டேம்ட்' தொடரின் கடைசி ஆறு எபிசோடுகளை முன்கூட்டியே பார்க்க 30 யுவான் தனியாக வாங்கியது டென்சென்ட். சந்தா கட்டியவர்களிடமே மறுபடியும் காசு. இதே முறையை எதிர்த்து ஒரு சந்தாதாரர் போட்ட வழக்கில் 2020 ஜூனில் பெய்ஜிங் இணைய நீதிமன்றம் ஐசிய்யிக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. 2021 அக்டோபரில் மூன்று தளங்களும் இந்த முறையைக் கைவிட்டன.

அப்புறம் என்ன ஆயிற்று

சாவோ லூசி, திங் யூஷி இருவரும் முன்னணிக்கு வந்துவிட்டார்கள். இன்றைக்கு அதே ஜோடியை வைத்து அதே செலவில் ஒரு தொடர் எடுக்க முடியாது. இந்தியப் பார்வையாளர்களுக்கு வேறொரு தடை வந்தது. டென்சென்ட்டின் வெளிநாட்டுச் செயலியான வீடிவி, 2020 நவம்பர் 24 அன்று இந்திய அரசு முடக்கிய 43 செயலிகளில் ஒன்று. 2022 ஜூன் முதல் சீனாவில் இணையத் தொடர்களுக்கும் தொலைக்காட்சித் தொடர்களைப் போலவே வெளியீட்டு உரிமம் கட்டாயமானது. தொடரின் தொடக்கத்தில் எண்ணோடு வரும் அந்தப் பலகை அதுதான்.

குறைந்த செலவுக் காதல் நகைச்சுவை இப்போது இன்னும் சின்ன வீட்டுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது. ஓரிரு நிமிட எபிசோடுகளாக, போனை நிமிர்த்திப் பிடித்துப் பார்க்கும் குறுந்தொடர்கள். 2024 ஜூனில் அவற்றையும் செலவை வைத்தே மூன்றாகப் பிரித்து மேற்பார்வை செய்யத் தொடங்கினார்கள்: 10 லட்சம் யுவானும் அதற்கு மேலும், 3 லட்சம் முதல் 10 லட்சம் வரை, 3 லட்சத்துக்குக் கீழே. 24 எபிசோடில் மூன்றாவது எபிசோடு வரை நாயகிக்கு அவகாசம் இருந்தது. இங்கே முதல் நிமிடத்திலேயே அவள் இறந்து, மறுபிறவி எடுத்து, பழிவாங்கக் கிளம்பிவிடுகிறாள்.

எடுக்கும் இடம் பல நேரம் அதே ஹெங்தியான்தான். அந்தப் பெயரில் இருக்கும் 'ஹெங்' என்ற எழுத்துக்குப் படுக்கைவாட்டம் என்று பொருள். கேமராவை நிமிர்த்தி வைத்து எடுக்கும் குழுக்கள் ஊரை நிறைத்தபின், சீனர்கள் அந்த ஒரு எழுத்தை மட்டும் மாற்றி, 'செங்குத்து' என்று பொருள்படும் 'ஷு' போட்டு, ஊரை 'ஷுதியான்' என்று கூப்பிடுகிறார்கள்.